58வது பெயர்

ஆஸ்திரேலியாவின் ஃபுட்டி லீக்கான ஏஎஃப்எல்லில் கிளப்புகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இப்போதெல்லாம் நவம்பரில் இரண்டு இரவுகளாக நடக்கிறது. முதல் இரவில் மேடை, கேமரா, புதுச் சட்டையை மாட்டிவிட வரும் முன்னாள் வீரர், பக்கத்தில் கண்ணைத் துடைக்கும் அம்மா என்று எல்லாம் உண்டு. இரண்டாம் இரவில் பெயர்கள் மளமளவென்று ஓடிவிடும். ஒரு பையனின் பெயர், ஊர், உயரம், அவ்வளவுதான், அடுத்த கிளப். மெல்பர்னில் என் அலுவலக நண்பர்கள் முதல் இரவை மட்டும் பார்ப்பார்கள். நான் தவறாமல் உட்காருவது இரண்டாம் இரவுக்குத்தான்.

காரணம் சொல்வதற்கு முன்னால், இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. ஆஸ்திரேலியன் ரூல்ஸ், இங்கே எல்லோரும் சொல்வதுபோல் 'ஃபுட்டி', பக்கத்துக்கு 18 பேர் களத்தில் ஆடும் ஆட்டம். மைதானமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. நடுவில் உள்ள இரு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. தேசிய அளவில் 18 கிளப்புகள். புதிய ஆட்டக்காரர்களை எடுப்பது டிராஃப்ட் மூலம். ஐபிஎல் ஏலம்போல் இதில் பணத்தால் போட்டி போட முடியாது. அந்தப் பருவத்தில் கடைசியில் வந்த அணிக்கு முதல் பிக், அதாவது முதல் தேர்வு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி பிக், அப்புறம் அதே வரிசை அடுத்த சுற்றுக்கு. எந்த ஊருக்குப் போவது என்று பையன் தேர்ந்தெடுக்க முடியாது. 1986ல் தொடங்கிய ஏற்பாடு இது.

2015ல் ஏஎஃப்எல் ஒரு அட்டவணை வெளியிட்டது. ஒவ்வொரு பிக்குக்கும் இத்தனை புள்ளி மதிப்பு என்று, பழைய ஆட்டக்காரர்களின் சம்பளக் கணக்கை வைத்துப் போட்ட அட்டவணை. முதல் பிக்குக்கு 3000 புள்ளி. 36வது பிக்குக்கு 502. 58வது பிக்குக்கு 170. 73வது பிக்குக்கு 9. அதற்குப் பிறகு பூஜ்யம். கிளப் வீரரின் மகன், கிளப் அகாடமியில் வளர்ந்த பையன் போன்றவர்களை மற்ற கிளப் கேட்கும்போது, சொந்தக் கிளப் தன் பிக்குகளின் புள்ளிகளைக் கொடுத்து ஈடுகட்டி அவர்களை எடுத்துக்கொள்வதற்காகப் போட்ட கணக்கு இது. ஆனால் கிளப்புகள் பிக்குகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும்போதும் இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுகின்றன. பிறகு அட்டவணையைத் திருத்தினார்கள். 2025 முதல் 54வது பிக்கோடு புள்ளிகள் முடிந்துவிடுகின்றன. 

அதாவது 58வது பிக்குக்கு இன்று அதிகாரபூர்வ மதிப்பு ஒன்றுமில்லை. 2001ல் காலிங்வுட் 58வது பிக்கில் எடுத்த பையன் டேன் ஸ்வான். 2011ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார்; அதற்கு முந்தைய ஆண்டு கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். 2011ல் ஃபிரிமேன்டில் அதே 58வது பிக்கில் எடுத்த பையன் லாக்கி நீல். 2020லும் 2023லும் பிரவுன்லோ. ஒரே எண்ணிலிருந்து மூன்று பிரவுன்லோக்கள்.

இதைச் சொன்னால் என் நண்பர்கள் "அதிர்ஷ்டம்" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தாவது பிக்கிலும் அறுபதாவது பிக்கிலும் ஒரே கேள்வியைக் கேட்கும் கிளப்புகள் கடைசிச் சுற்றுகளை வீணாக்குகின்றன. கேள்வியை மாற்றிக்கொள்ளும் கிளப்புகள் ஆட்களைக் கண்டுபிடிக்கின்றன. இத்தனை வருடம் பார்த்ததில் நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான். மேலே இருக்கும் பிக்குகளில் 'இவனிடம் என்ன குறை?' என்று கேட்பது நியாயம். உயரம், வேகம், இரண்டு கால் உதை, சுபாவம் எல்லாம் இருக்கும் பையன்கள் அங்கே கிடைப்பார்கள். ஐம்பதுக்குப் பிறகு குறையில்லாத பையன் யாரும் மிச்சமில்லை. அங்கே கேட்க வேண்டியது, 'மற்றவர்களிடம் இல்லாத எது இவனிடம் இருக்கிறது?' என்பது. குறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2001 டிராஃப்டையே எடுத்துக்கொள்வோம். இங்கே அதை 'சூப்பர் டிராஃப்ட்' என்பார்கள். முதல் மூன்று பெயர்கள் லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட். ஹாட்ஜை எடுத்தது ஹாதார்ன். அதே நாளில், அதே ஹாதார்ன், 36வது பிக்கில் சாம் மிட்செல் என்ற பையனை எடுத்தது. மிட்செல் அதற்கு முந்தைய ஆண்டு டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து எல்லா கிளப்பும் கடந்துபோன பையன். குள்ளம் என்றார்கள், வேகம் இல்லை என்றார்கள். இரண்டும் உண்மை. அந்த ஒரு வருடம் அவர் விஎஃப்எல் எனப்படும் இரண்டாம் நிலை லீக்கில், பாக்ஸ் ஹில் அணிக்கு, வளர்ந்த ஆண்களோடு ஆடினார். ஹாதார்னின் இணைப்பு அணி அது. ஒவ்வொரு வாரமும் கிளப் ஆட்கள் கண்ணெதிரில் ஆடியிருக்கிறார். நெரிசலுக்குள் பந்து எந்தப் பக்கம் விழும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். இடது கால், வலது கால் என்று வித்தியாசமே தெரியாமல் உதைப்பார். யோசிக்க நேரம் தேவைப்படாதவனுக்கு ஓட்ட வேகம் அவ்வளவு தேவைப்படாது என்பதை அந்த ஒரு வருடத்தில் ஹாதார்ன் பார்த்துவிட்டது.

2008ல் ஹாதார்ன் கோப்பை வென்றபோது கேப்டன் 36வது பிக் மிட்செல். அந்தக் கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் முதல் பிக் ஹாட்ஜ். பிறகு 2013, 2014, 2015 என்று இன்னும் மூன்று கோப்பைகள். 2012ஆம் ஆண்டின் பிரவுன்லோவும் மிட்செலுக்கு வந்தது; முதலில் பெற்றவரிடமிருந்து அது திரும்பப் பெறப்பட்ட பிறகு, 2016ல், ட்ரென்ட் காச்சினோடு பகிர்ந்து. இன்று அவர் அதே ஹாதார்னின் தலைமைக் கோச். 

அதே 2001ல் 71வது பிக்கில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் எடுத்த பிரையன் ஹாரிஸ், பின்னாளில் பிரையன் லேக் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், 2013 கிராண்ட் ஃபைனலில் ஹாதார்னுக்காக ஆடி, அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். தற்காப்பு ஆட்டக்காரருக்கு அந்தப் பதக்கம் கிடைப்பது சுலபமல்ல.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சுத்தம் செய்துவிட வேண்டும். 'கடைசியில் கிடைத்த மாணிக்கங்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் கேரி ஏப்லெட் ஜூனியர், 40வது பிக், 2001 என்று எழுதிவிடுவார்கள். அது கண்டுபிடிப்பே அல்ல. அவர் அப்பா ஜீலாங்கின் மாபெரும் ஆட்டக்காரர். தந்தை ஆடிய கிளப்புக்கு மகன் போகலாம் என்ற விதிப்படி ஜீலாங் அவரை எடுத்தது. 40 என்பது அன்றைய விதி வசூலித்த விலை, மதிப்பீடு அல்ல. ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் 61வது பிக் என்பார்கள். அவர் பிரிஸ்பேன் லயன்ஸின் சொந்த அகாடமிப் பையன். இவர்களையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான தேடல் எங்கே நடந்தது என்று தெரியும். ஆடம் குட்ஸ் அந்தச் சல்லடையில் நிற்கிறார். விக்டோரியாவின் உட்பகுதியிலிருந்து வந்த பையன், 1997ல் சிட்னி ஸ்வான்ஸின் 43வது பிக், 2003லும் 2006லும் பிரவுன்லோ, 372 ஆட்டங்கள். ராபி கிரே நிற்கிறார்: 2006, போர்ட் அடிலெய்ட், 55வது பிக். ஜேம்ஸ் சிசிலி, 2013, 56வது பிக், பிறகு ஹாதார்ன் கேப்டன். நிக் லார்க்கி, 2016ல் நார்த் மெல்பர்னின் 73வது பிக். அன்றைய அட்டவணையில் மிச்சமிருந்த அந்த 9 புள்ளிக்குரிய பையன், 2023ல் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில், அதாவது அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் போடும் கௌரவ அணியில், முன்வரிசை ஆட்டக்காரராக நின்றார்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது பாக்ஸ் ஹில் சிட்டி ஓவலில். வீட்டுக்குப் பக்கம், சனிக்கிழமை மதியம் பொழுது போகும், அவ்வளவுதான் முதலில். விஎஃப்எல் ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம் வராது. வேலி ஓரமாக நின்று பார்க்கலாம். இடைவேளையில் மைதானத்துக்குள்ளேயே போய்க் கோச் பேசுவதைக் கேட்கலாம். அங்கே வழக்கமாக வரும் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு காலத்தில் ஒரு கிளப்புக்காகப் பகுதி நேரமாக ஆட்டக்காரர்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர். மடக்கு நாற்காலி, தெர்மாஸ், ஒரு நோட்டு. நான் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, பந்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீ ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து அவனை மட்டும் பார் என்றார்.

செய்து பார்த்தேன். முதலில் மிகவும் சலிப்பாக இருந்தது. பந்து எங்கோ போகும்; இவன் நடந்துகொண்டிருப்பான். ஆனால் கால் மணி நேரம் கழித்து ஒன்று பிடிபடும். பந்து மறுபக்கம் இருக்கும்போதே அவன் எங்கே நகர்கிறான்? தவறான உதை உதைத்துப் பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று விநாடியில் என்ன செய்கிறான், இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, துரத்துகிறானா? அணி நாற்பது புள்ளி பின்தங்கிய கடைசிக் கால் பகுதியில் யாரும் பார்க்காதபோது பின்னால் ஓடி வருகிறானா? பெரியவர் தம் நோட்டில் உதைகளை எண்ணவில்லை. இவற்றைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைன் என்ற உடல் சோதனையில் 20 மீட்டர் ஓட்டம் உண்டு, 2 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு, நின்று குதிப்பது, ஓடிக் குதிப்பது, வளைந்து ஓடுவது எல்லாம் உண்டு. அந்த நோட்டில் இருந்தது எதுவும் அங்கே அளக்கப்படுவதில்லை. அளப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அளந்த எண் கையில் இருக்கும்போது அளக்காதது கண்ணில் படாமல் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். கடைசிச் சுற்றுகளில் 'நல்ல ஓட்டக்காரன், நல்ல குதி, ஃபுட்டியைக் கற்றுக்கொடுத்துவிடலாம்' என்று எடுக்கப்பட்ட பையன்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் இரண்டு வருடத்தில் சத்தமில்லாமல் வெளியேறியிருக்கிறார்கள். விதிவிலக்கு உண்டு. ஜீலாங்கின் மார்க் பிளிட்சாவ்ஸ் ஸ்டீபிள்சேஸ் ஓட்டக்காரராக இருந்து வந்தவர். ஆனால் அவரைக்கூட வெறும் ஓட்டத்துக்காக அல்ல, யாருக்கும் இல்லாத அளவு ஓட்டத்துக்காக எடுத்தார்கள். அது நான் சொல்லும் கேள்விக்குள் சரியாகவே வருகிறது.

இன்னொரு பக்கம் உடம்பு. டிராஃப்ட் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைந்திருந்தால் பெயர் கொடுக்கலாம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே தராசில். பதினெட்டு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது தோளிலும் தொடையிலும் தெரியும். அதே ஆண்டில்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. கிராமத்துப் பையன் என்றால் பயணம் வேறு. மில்டியூராவில் இருக்கும் பையன் 18 வயதுக்குட்பட்டோர் லீக்கில் ஆட பெண்டிகோ அணிக்குத்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர்.

ரக்மேன் என்று ஒரு இடம் உண்டு. நடுவர் பந்தை மேலே போடும்போது எதிராளியோடு மோதிக் குதித்துப் பந்தைத் தட்டிவிடும் நெட்டைக்காரர். பதினெட்டு வயதில் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்ட பையன் அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டிபோல் இருப்பான். கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும். அவன் உடம்பு அவன் சொன்னபடி கேட்க இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதாகிவிடும். அதனால்தான் நல்ல ரக்மேன்கள் இத்தனை பேர் தேசிய டிராஃப்டையே தாண்டி, ரூக்கி டிராஃப்ட் எனப்படும் மிச்சப் பட்டியலிலிருந்து வந்திருக்கிறார்கள். வெஸ்ட் கோஸ்டின் டீன் காக்ஸ் ரூக்கி. 290 ஆட்டங்கள், ஆறு முறை ஆல்-ஆஸ்திரேலியன். ஃபிரிமேன்டிலின் ஆரன் சாண்டிலேண்ட்ஸ், 211 சென்டிமீட்டர், அவரும் ரூக்கி, 271 ஆட்டங்கள். பெர்த்தில் இருக்கும் இரண்டு கிளப்புக்கும் ஒரே காலத்தில் இப்படி ஒருவர் கிடைத்தது தற்செயல் என்று தோன்றவில்லை. உள்ளூர் லீக் கண்முன்னே நடக்கிறது, பையனை வாராவாரம் பார்க்க முடிகிறது, வளர நேரம் கொடுக்க முடிகிறது.

நேரம் கொடுப்பதைப் பற்றிப் பேசினால் ஜீலாங்கைப் பேசாமல் இருக்க முடியாது. ஸ்டீபன் வெல்ஸ் என்பவர் பல பத்தாண்டுகளாக அந்தக் கிளப்பின் ஆள் தேர்வைக் கவனித்தவர். 1999 டிராஃப்டில் அவர்கள் எடுத்ததைப் பாருங்கள்: 8ல் ஜோயல் கோரி, 31ல் பால் சாப்மன், 38ல் கேமரன் லிங், 47ல் கோரி என்ரைட். 2007, 2009, 2011 என்று ஜீலாங் வென்ற மூன்று கோப்பைகளிலும் இந்த நான்கு பேரும் ஆடினார்கள். 2009 கிராண்ட் ஃபைனலின் நார்ம் ஸ்மித் பதக்கம் சாப்மனுக்கு. 2011ல் கேப்டன் லிங். என்ரைட் தெற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பா என்ற கோதுமை ஊரிலிருந்து வந்தவர், 332 ஆட்டங்கள். அதே டிராஃப்டில் ஜீலாங் 15லும் 17லும் எடுத்த பையன்கள் அந்தக் கோப்பை அணிகளில் இல்லை. ஒரே கண்கள், ஒரே நாள், ஒரே மேசை.

என்னை இதில் ஈர்ப்பது வேறொன்று. நான்கு பேரும் வந்த உடனே ஜொலிக்கவில்லை. முதல் கோப்பைக்கு எட்டு வருடம் ஆனது. லிங்கின் வேலை பல வருடங்களுக்கு எதிரணியின் சிறந்த ஆளை ஒட்டிக்கொண்டே ஓடி அவரை ஆடவிடாமல் செய்வது. யாரும் சுவரொட்டி அடிக்காத வேலை. 38வது பிக்குக்கு அப்படி ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதிதான் என்று நினைக்கிறேன். நல்ல கண் இருந்தும், எடுத்த பையனுக்கு இடம் செய்து கொடுக்காமல் கெடுத்த கிளப்புகள் உண்டு.

ஜீலாங் பிறகும் அப்படித்தான். 2009 இறுதியில் ரூக்கியாக எடுத்த ஜேம்ஸ் பொட்சியாட்லிக்கு அப்போது 28 வயது. ஏற்கெனவே வேறு கிளப்புகளின் ரூக்கிப் பட்டியலில் இருந்து ஒரு ஆட்டமும் கிடைக்காமல் வெளியேறியவர். ஜீலாங்கிலேயே உடற்பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்தார். 2011 கோப்பை அணியில் முன்வரிசையில் ஆடினார். 2016ல் 40வது பிக்கில் எடுத்த டாம் ஸ்டூவர்ட்டுக்கு 23 வயது. சவுத் பார்வன் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்து, ஜீலாங்கின் விஎஃப்எல் அணிக்கு வந்தவர். எதிரணி உதைக்கும் பந்து எங்கே இறங்கும் என்று அவர் படிப்பதைப்போல் படிக்கக்கூடியவர் லீக்கில் மிகச் சிலர். பதினெட்டு வயதில் அவரை யாரும் எடுக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு நம்பக் கடினமாக இருக்கிறது.

லாக்கி நீலுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதைகளிலேயே முழுமையானது அவருடையது. தெற்கு ஆஸ்திரேலியாவில் விக்டோரியா எல்லையை ஒட்டிய கிபிபோலைட் என்ற சின்ன ஊர். உயரம் 177 சென்டிமீட்டர். 2011ல் புதிதாக வந்த ஜிடபிள்யூஎஸ் அணிக்கு முதல் சுற்றின் பெரும் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. மற்ற கிளப்புகள் தங்கள் சில பிக்குகளை மிகக் கவனமாகச் செலவழிக்க வேண்டிய ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் குள்ளமான, மின்னல் வேகம் இல்லாத நடுக்களப் பையனை யார் முன்னால் எடுப்பார்கள்? காயங்களால் பின்னாளில் மிகவும் சிரமப்பட்ட ஜான் பேட்டன் அந்த ஆண்டின் முதல் பிக். 198 சென்டிமீட்டர் உயரம் கொண்ட முன்வரிசைக்காரர். அன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதுதான் சரியான தேர்வு என்பார்கள்.

நீலிடம் இருந்தது கைகள். நெரிசலின் அடியில், ஈரப் பந்து, மூன்று பேர் மேலே விழும் நிலையில், பந்தைச் சுத்தமாக எடுத்து ஓடிவரும் சக ஆட்டக்காரனின் நெஞ்சுக்கு நேராகக் கையால் குத்திவிடுவார். நேரில் பார்த்தால் பந்து அங்கே தங்கியதே தெரியாது. ஃபிரிமேன்டிலில் 2016லும் 2018லும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிறகு பிரிஸ்பேனுக்குப் போனார். அப்போது அந்த அணி பல வருடங்களாக அடிமட்டத்தில் கிடந்தது. 2024ல் அதே அணியின் இணைக் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். 2025ல் மறுபடியும் கோப்பை. வளர்ந்தும் அவர் உயரம் மாறவில்லை, வேகமும் பெரிதாக மாறவில்லை. 2011ல் சொன்ன குறைகள் எல்லாம் 2023 பிரவுன்லோ இரவிலும் அப்படியேதான் இருந்தன.

மேட் பிரிடிஸும் அப்படித்தான். டிராஃப்டில் திரும்பத் திரும்ப விடுபட்டு, ரூக்கியாக வெஸ்ட் கோஸ்டுக்கு வந்து, 2014ல் பிரவுன்லோ. மெதுவாக ஓடுகிறார் என்ற பேச்சு கடைசி வரை இருந்தது. பந்து அவரிடமே போய்க்கொண்டிருந்தது.

எதிர்வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. சராசரியைப் பார்த்தால் அட்டவணை சொல்வது சரிதான். முதல் பத்துப் பிக்குகள் மற்றவர்களைவிட அதிக ஆட்டங்கள் ஆடுகிறார்கள். நான் சொன்ன ஒவ்வொரு பெயருக்கும், அதே எண்ணில் எடுக்கப்பட்டு ஒரு சீனியர் ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பிய பையன்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை. ஆனால் சராசரி என்பது எல்லா கிளப்புகளும் எல்லா ஆண்டுகளும் சேர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். 2016ல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 1954க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பை வென்றபோது களத்தில் இருந்தவர்களில் மேத்யூ பாய்ட், டேல் மாரிஸ், லியம் பிக்கன், லூக் டால்ஹவுஸ், ஜேசன் ஜொஹானிசன் ஆகிய ஐந்து பேரும் ரூக்கிப் பட்டியலில் தொடங்கியவர்கள். ஜொஹானிசன்தான் அன்றைய நார்ம் ஸ்மித் பதக்கக்காரர். ஒன்றிரண்டு என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஒரே கிளப்பில், ஒரே கோப்பை அணியில் ஐந்து பேர் என்றால் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

2019ல் ஏஎஃப்எல் பருவ நடுவே ஒரு டிராஃப்டை மறுபடி கொண்டுவந்தது. இத்தனை வருடங்களில் செய்த மாற்றங்களில் இதைத்தான் மிகச் சிறந்தது என்பேன். அந்த முதல் ஆண்டிலேயே ரிச்மண்ட் எடுத்தது மார்லியன் பிக்கெட்டை. 27 வயது, நூங்கர் என்ற பூர்வகுடி இனத்தவர், இளமையில் சிறையில் இருந்து வந்து சவுத் ஃபிரிமேன்டில் அணியில் தன்னை மீட்டுக்கொண்டவர், டிராஃப்டில் முன்பு பலமுறை விடுபட்டவர். டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு விரல் முறிந்தது. பல கிளப்புகள் பின்வாங்கின. ரிச்மண்ட் எடுத்தது. அவருடைய முதல் ஏஎஃப்எல் ஆட்டமே 2019 கிராண்ட் ஃபைனல். 1952க்குப் பிறகு கிராண்ட் ஃபைனலில் அறிமுகமான முதல் ஆள். மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில் ஒரு லட்சம் பேர் முன்னால், நடுக்களத்தில் எதிராளியைச் சுற்றிச் சுழன்று வெளியே வந்த அந்த ஒரு காட்சியை ரிச்மண்ட் ஆதரவாளர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள். ரிச்மண்ட் வென்றது 89 புள்ளி வித்தியாசத்தில்.

அடுத்த ஆண்டு கோவிட். விக்டோரியாவில் 18 வயதுக்குட்பட்டோர் லீக் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. பையன்கள் பதினேழு வயதில் ஆடிய வீடியோவை வைத்து டிராஃப்ட் நடந்தது. விஎஃப்எல்லும் இல்லை. ஏற்கெனவே விடுபட்டு, இன்னொரு வாய்ப்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது தொலைந்துபோன வருடம். 2021 பருவ நடுவே டிராஃப்டில் ஹாதார்ன் இரண்டாவது பிக்கில் எடுத்த ஜாய் நியூகோம் அவர்களில் ஒருவர். கிப்ஸ்லாந்தில் பூவாங் என்ற சிற்றூர்க்காரர். பாக்ஸ் ஹில்லில் ஆடிக்கொண்டிருந்தார். முதல் ஏஎஃப்எல் ஆட்டத்தில் 14 டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது. அறிமுக ஆட்டத்தில் அதுவரை யாரும் அத்தனை செய்ததில்லை. பாக்ஸ் ஹில்லில் வேலியோரம் நிற்கிற யாருக்கும் அந்த எண் ஆச்சரியமாக இருந்திருக்காது.

அதே கோவிட்தான் இன்னொன்றையும் கொண்டுபோனது. ஆட்டக்காரர்களின் சம்பளம் தவிர்த்து, கோச்சுகள், ஆள் தேடுபவர்கள் முதலான ஃபுட்டிச் செலவுக்கு ஒவ்வொரு கிளப்புக்கும் ஏஎஃப்எல் வைத்திருந்த உச்சவரம்பு சுமார் 97 லட்சம் டாலரிலிருந்து 62 லட்சமாகக் குறைக்கப்பட்டது. பல கிளப்புகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. வரம்பு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. ஆனால் அந்த இடைவெளியில் கிளப்புகள் ஒன்றைப் பழகிக்கொண்டன: எல்லா ஆட்டமும் இப்போது வீடியோவில் வருகிறது, நாலு ஊருக்குக் கார் ஓட்டிப் போக ஆள் எதற்கு?

அந்த வீடியோக்களை நானும் பார்க்கிறேன். கேமரா பந்தோடுதான் போகிறது. பந்தைப் பறிகொடுத்த பையன் அடுத்த நொடியே திரையிலிருந்து மறைந்துவிடுகிறான். அவன் துரத்தினானா, இடுப்பில் கை வைத்து நின்றானா என்று சொல்ல வழியில்லை. டாம் ஸ்டூவர்ட்டின் ஆட்டத்தில் பாதி, பந்து எண்பது மீட்டர் தள்ளி இருக்கும்போது நடப்பது. முதல் இரவுக்கு உரிய பையன்களை வீடியோவில் பார்த்தே வரிசைப்படுத்திவிடலாம். அவர்களை எப்படியும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆள் போய் நிற்க வேண்டியது 58வது பெயருக்காக. ஏஎஃப்எல் செய்ய வேண்டியது சிக்கலான காரியமும் அல்ல: ஆள் தேடும் செலவை அந்த உச்சவரம்பிலிருந்து முழுவதுமாக வெளியே எடுத்துவிடலாம். பணக்கார கிளப் இன்னும் நாலு பேரை வேலைக்கு வைத்துக்கொள்ளுமே என்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். அந்த நாலு பேரும் மில்டியூராவுக்கும் கிம்பாவுக்கும் போவார்கள் என்றால், விடுபட்டுப் போகும் பையன்களில் சிலராவது யாரோ ஒருவர் நோட்டில் ஏறுவார்கள்.